இசபெல் தன் பிள்ளைக்குக் காட்டாத கடல்

எனக்கும் இசபெல்லுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அதுவும் சுனாமி காலனிச் சுவர். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்மல் வரும். ஆகையால் அவளைப் பற்றி ஊரில் உலவுகிற கதைகளை யாரும் என்னிடம் கொண்டுவர வேண்டாம். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைத்தே கெடுத்தாள் என்று சொல்கிற வாய்கள் நிறைய இருக்கின்றன. அந்த வாய்களை அடைக்க என்னால் முடியாது. நடந்ததைச் சொல்ல முடியும்.

நாங்கள் எல்லோரும் குளச்சல் பக்கம் கடலோரத்தில் இருந்தவர்கள். 2004 கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில் இசபெல் தன் மகன் சிஜோவைக் கூட்டிக்கொண்டு கருங்கலில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கொடுக்கப் போயிருந்தாள். சிஜோவுக்கு அப்போது ஐந்து வயது. புருஷன் மரியஜானும் மகள் ஜெனிலாவும் வீட்டில் இருந்தார்கள். அவள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. மரியஜானை அன்று சாயங்காலமே கண்டெடுத்தார்கள். ஜெனிலாவைக் கண்டெடுக்கவே இல்லை.

பிறகு எங்களுக்குக் கடலை விட்டுத் தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக் கொடுத்தார்கள். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எப்படித் தொழிலுக்குப் போவது என்று ஆண்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். இசபெல் ஒருத்திதான், இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாமே என்றாள்.

அவள் மீன்காரி. வேறு தொழில் தெரியாது. விடியும் முன்பே குளச்சல் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் அடுக்கி, திங்கள்சந்தையில் கொண்டுபோய் விற்பாள். தினமும் கடலின் முகத்தில் விழித்தே தீர வேண்டிய பிழைப்பு. அவள் போகலாம், பிள்ளை போகக் கூடாது. அதுதான் அந்த வீட்டுச் சட்டம். கடற்கரைப் பக்கம் மட்டுமல்ல, குளம் கூடாது, ஆறு கூடாது, பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரிக்கும் திற்பரப்பு அருவிக்கும் சுற்றுலா கூட்டிப்போனால் அன்றைக்கு சிஜோவுக்குக் காய்ச்சல். கால் கழுவுகிற வெள்ளத்துக்கு மேல் அவன் கண்ணில் காட்டவில்லை. மற்றப் பயல்கள் குளத்தில் தலைகீழாகக் குதித்துக் கும்மாளம் போடும்போது இவன் குழாயடியில் பக்கெட்டில் பிடித்துக் குளிப்பான். அதனால் அவனுக்குப் பேர் பக்கெட்டு. பக்கெட்டு சிஜோ என்றால்தான் ஊரில் தெரியும். அவனும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். யாரிடமும் கோபப்படத் தெரியாத பிள்ளை.

அவனுக்குத் தெரிந்தது ஓட்டம். பந்து காலில் கிடைத்துவிட்டால் மைதானத்தின் வலது ஓரமாக அவன் ஓடுவதைப் பார்க்க வேண்டும். எனக்குக் கால்பந்தில் ஒரு எழவும் புரியாது. ஆனாலும் சிஜோ ஓடும்போது நானும் எழுந்து நின்றுவிடுவேன். எங்கள் கடலோரத்தில் ஒவ்வொரு பங்குக் கோவில் திருவிழாவுக்கும் கால்பந்துப் போட்டி உண்டு. எந்த ஊரில் நடந்தாலும், பிள்ளை கடல் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள இசபெல் கூடவே போய்விடுவாள். கோட்டுக்கு வெளியே சருவத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். மடியில் அவித்த முட்டை, தோளில் ஈரத்துண்டு. எவனாவது அவனைத் தட்டிவிட்டால் போதும், ரெஃப்ரி விசில் ஊதும் முன்பே இவள் மைதானத்துக்குள் நிற்பாள்.

"எதுக்குலே எனக்க பிள்ளைய தட்டிவிட்ட? உனக்க தள்ளைட்ட வந்து சொல்லட்டா?"

எல்லோரும் சிரிப்பார்கள். சிஜோ தலையைக் குனிந்துகொள்வான். முகம் சிவந்துவிடும். ஆனால் "போம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டான்.

பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் பிரைட்டன் நல்ல மனுஷன். ஒருநாள் இனிப்புப் பொட்டலத்தோடு அவள் வீட்டுக்கு வந்தார். நான் வாசலில் துணிக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சிஜோவுக்கு மெட்ராஸ்ல ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எடம் கெடச்சிருக்கு. சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க. பையன் எங்கயோ போயிருவான் பாருங்க."

"அங்க கடல் உண்டா சாரே?"

பொய் சொல்லத் தெரியாத அப்பாவி அவர். "கடல் உண்டு. அது எங்கயோ கெடக்கு, ஹாஸ்டல் வேற எங்கயோ இருக்கு."

"உண்டுல்லா? அப்பம் வேண்டாம்."

அவ்வளவுதான். இனிப்பைக்கூட வாங்கவில்லை. அவர் போன பிறகு நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊருல உள்ள பிள்ளையளுக்கெல்லாம் கெடைக்காதது கெடச்சிருக்கு, கடலு உண்டான்னா கேக்கிய?"

"நீ பறிகொடுத்துப் பாக்கல்ல பூங்கனி. பேசாத."

 எனக்குப் போனது வீடும் தையல் மெஷினும்தான். அன்று சாயங்காலம் சிஜோ எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருந்தான். அலமாரியில் பாத்திரம் எல்லாம் குலுங்கியது. வேறு நாளாக இருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டேன்.

2017-இல் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மாலை ஆறரைக்குப் போட்டு, ஏழு மணிக்குக் கோவிலில் திருந்தாதி மணி அடிக்கும்போது சரியாக முடிப்பார்கள். மணி அடித்தால் டிவியை அணைத்துவிட்டு முட்டங்கால் போட்டு செபமாலை சொல்ல வேண்டும் என்பதால், அந்தத் தொடருக்கு எங்கள் காலனியில் மவுசு அதிகம். கதை இதுதான்: பணக்கார விதவை ஒருத்தி. ஒரே மகன். ஓட்டப்பந்தய வீரன். அவனை வெயில் படாமல் வளர்க்கிறாள். ஓடப் போகிற இடத்துக்கெல்லாம் காரில் பின்னாலேயே வருகிறாள். வெளியூர் போட்டிக்கு அனுப்பமாட்டேன் என்கிறாள். பார்க்கிற பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இசபெல்லே, உனக்க கதையல்லவா ஓடுது! காசு கேளு அவனுவகிட்ட" என்பார்கள்.

இசபெல் கொஞ்சமும் அசரவில்லை. அவள் பக்தியாக உட்கார்ந்து பார்ப்பாள். அந்த அம்மா செய்வதெல்லாம் சரி என்பது அவள் கட்சி. மகனைத் தூண்டிவிடுகிற பயிற்சியாளர் திரையில் வந்தால், "வந்துட்டான் பாரு, கொலகாரன்" என்று திட்டுவாள்.

அந்தத் தொடர்க்காரர்களே ஆடி மாதம் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார்கள். அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு மகன் கடலோரத்து ஊர் ஒன்றுக்கு ஓடிவந்துவிடுகிறான், அந்தப் பகுதியை இங்கே எடுக்க வேண்டுமாம். நாயகனாக நடித்த பையன் வெள்ளையாக அழகாக இருந்தான், ஆனால் பத்தடி ஓடினால் மூச்சு வாங்கினான். தூரத்தில் இருந்தும் முதுகுப் பக்கம் இருந்தும் காட்டுகிற ஓட்டத்துக்கு அதே உயரத்தில், அதே உடம்புவாகில் ஒரு ஆள் தேவைப்பட்டது. பிரைட்டன் வாத்தியார் சிஜோவைக் கூட்டிப்போய் நிறுத்தினார்.

முதலில் பள்ளிக்கூட மைதானத்தில்தான் எடுத்தார்கள். இசபெல் அன்றைக்கு மீன் வியாபாரத்துக்குப் போகவில்லை. சருவத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளை நாயகனின் பனியனைப் போட்டுக்கொண்டு ஓடுவதை வாயெல்லாம் பல்லாகப் பார்த்தாள். அம்மாவாக நடித்த அந்த நடிகையிடம் போய், பிள்ளைக்குக் காலையில் கஞ்சி கொடுக்காமல் வெறும் ரொட்டி கொடுக்கிறீர்களே, ஓடுகிற உடம்புக்கு அது எப்படிக் காணும் என்று தொடரில் வரும் மகனுக்காகச் சண்டை பிடித்தாள். நடிகை சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை இசபெல் ஊர் முழுக்கக் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்து கடற்கரையில் எடுக்க வேண்டியிருந்தது. அதை சிஜோ வீட்டில் சொல்லவில்லை. அவள் திங்கள்சந்தைக்குப் போன பிறகு, என் வாசலைத் தாண்டித்தான் போனான். "கிரவுண்டுக்குப் போறேன் மாமி" என்றான். நான் மெஷினில் இருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை; போகிற பிள்ளைதானே என்று இருந்தேன்.

அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் ஜேசுதாஸ். சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறவர், கடலோரத்தில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். ஆடிக் கடல் அன்றைக்குக் கறுத்துக் கிடந்ததாம். பெரும்பாலும் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. அத்தனை ஆண்களும் படப்பிடிப்பைப் பார்க்கக் கரையில் நின்றார்கள். சிஜோ மணலில் ஓடிவந்து கடலுக்குள் பாய வேண்டும், அலையில் சிக்கிக் கையைக் காலை அடித்துத் தத்தளிக்க வேண்டும், அதுதான் காட்சி. அதற்கு மேல் உள்ளதை நாயகனை வைத்து வேறு இடத்தில் எடுத்துக்கொள்வார்களாம். உதவி இயக்குநராக இருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் கேட்டிருக்கிறாள்: "தம்பிக்கு நீச்சல் தெரியும்தானே?"

ஜேசுதாஸ்தான் பதில் சொன்னார். "என்ன கேள்வி மேடம் இது? கடப்புறத்துப் பிள்ளைட்ட வந்து நீச்சு அறியுமான்னு கேக்கிய! நம்ம பயலுவள நடுக்கடலுல தள்ளிவிட்டாலும் சாயாக் குடிக்க கரைக்கு வந்திருவானுவ."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. கூட விளையாடுகிற பையன்கள் சிரித்தார்கள். எல்லோரும் சிஜோவைப் பார்த்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் இதைப் பலதடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். பதினெட்டு வயதுப் பிள்ளை. ஐந்து வயதில் இருந்து அம்மாவின் முந்தானையில் முடிந்து வைக்கப்பட்டவன். ஊரே கூடி நிற்கிற கரையில், கடலில் போகிறவனுக்குப் பிறந்த ஒருவன், எனக்கு நீந்தத் தெரியாது என்று எப்படிச் சொல்வான்? எங்கள் ஊரில் அதைச் சொல்வதைவிட உடுதுணி இல்லாமல் நிற்கலாம்.

ஓடினான். நன்றாகவே ஓடினான் என்றார் ஜேசுதாஸ். இடுப்பளவு வெள்ளத்தில் விழுந்தான். ஆடி மாதத்தில் இடுப்பளவு என்பதெல்லாம் கணக்கில்லை; அலை திரும்பும்போது காலுக்குக் கீழே மணலை உருவிக்கொண்டு போகும். கையைத் தூக்கி அடித்தான். கேமரா ஓடுகிறது, யாரும் உள்ளே வரக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஊர் ஆண்கள் அத்தனை பேரும், பிறந்ததில் இருந்து கடலில் கிடப்பவர்கள், கரையில் நின்று கை தட்டினார்கள். "கொள்ளாம்லே பக்கெட்டு! நல்லா நடிக்கிய!" என்று ஒருவன் கத்தினான்.

"நடிக்கிறவன் கரையப் பாப்பான் பூங்கனி," என்றார் ஜேசுதாஸ். "அவன் மேலயே பாத்துக்கிட்டுக் கெடந்தான். அப்பந்தான் எனக்கு உள்ள திக்குன்னு ஆச்சு."

அவர்தான் முதலில் பாய்ந்தார். பின்னாலேயே மற்றவர்களும். பிள்ளையைத் தூக்கி வந்து, குப்புறப் போட்டு வெள்ளம் எடுத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இசபெல் சந்தையில் இருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. எல்லோரும் அவள் அலறுவாள் என்று விலகி நின்றோம். அவள் அலறவில்லை. அவன் தலைமுடியைத் தடவிப் பார்த்தாள்.

"ஒருத்தியும் தலை தொவட்டி விடல்லியா? சளி பிடிக்குமே."

சேலைத் தலைப்பை எடுத்துத் துவட்டத் தொடங்கினாள். காதுக்குள், பின்கழுத்தில், நெற்றியில் ஒட்டிய மணலை எல்லாம் துடைத்தாள். எவ்வளவு நேரம் துவட்டினாள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே போய்விட்டேன். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அடக்கத்தன்று கோவிலுக்குப் போகும் வழியில் குளோரி, அவளும் எங்கள் காலனிதான், பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "எல்லாப் பிள்ளையளையும் மாதிரி நீந்தப் படிக்க விட்டிருந்தா இன்னைக்கு நம்ம முன்னால நிக்கும்." மெதுவாகத்தான் சொன்னாள். இசபெல் காதில் விழுந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள், மறுபடியும் பெட்டியின் பின்னால் நடந்தாள்.

ஜேசுதாஸ் சில நாள் கழித்து அவள் வாசலில் வந்து நின்றார். தலை நிமிரவில்லை. "நான் அறியல்ல கொச்சே. அவனுக்கு நீந்தத் தெரியாதுன்னு நாங்க ஒருத்தரும் அறியல்ல."

"அறியல்லியா?" இசபெல்லின் குரல் அன்றைக்குத்தான் உயர்ந்தது. "பக்கெட்டுன்னு பேரு வச்சு ஊரெல்லாம் விளிச்சியளே, அது எதுக்கு விளிச்சிய?"

"அது வெளையாட்டுக்குக் களியாக்கினதுதானே..."

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிறகு என் வாசலுக்கு வந்துதான் அன்று நடந்ததையெல்லாம் சொன்னார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் எனக்கு அவருக்கு ஒரு சொம்பு வெள்ளம் கொடுக்க மனம் வரவில்லை.

தொடர்க்காரர்கள் வந்தார்கள், பெரிய மாலையாகப் போட்டார்கள். அந்த நடிகை உண்மையாகவே அழுதாள். கடலில் எடுத்ததை எதையும் போடமாட்டோம் என்று பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போலீஸ்காரர்களும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

இசபெல் வேலைக்குப் போகவில்லை. சமைக்கவில்லை. நான் கொண்டுபோய் வைத்தால் ரெண்டு வாய் சாப்பிடுவாள். ஒரு மத்தியானம் என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"குளோரி சொன்னது நேருதானேடி?"

"அவ நாக்கு அழுகிப் போவும். நீ அதையெல்லாம் மனசுல வைக்காத."

"நேருதான். கடலு அவனைக் கொல்லல்ல. அது அங்கண சும்மாதான் கெடந்தது. நான்தான் அவனுக்கு ஒண்ணும் தெரியாம ஆக்கி அது வாயில கொண்டு குடுத்திட்டேன்."

நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.   அவள் தரையில் கிடந்த வெட்டுத்துணிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

செப்டம்பரில் அந்தப் பகுதி வரப்போகிறது என்று டிவியில் காட்டத் தொடங்கினார்கள். மணலில் ஓடுகிற முதுகைக் காட்டினார்கள். கொடுத்த வாக்கு அவ்வளவுதான். சாமியார் போன் செய்ததற்கு, கடலில் விழுவதைப் போடவில்லை, ஓட்டத்தை மட்டும்தான் போடுகிறோம் என்றார்களாம். துக்க வீட்டில் டிவி போடும் வழக்கம் இல்லை என்பதால் இசபெல்லுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை ஆறேகாலுக்கே அவள் என் வீட்டுக்குள் வந்து, தலைமுடியை முடிந்துகொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

"வேண்டாம் இசபெல்லே."

"போடு."

"சொன்னாக் கேளுட்டி, உன்னால தாங்க முடியாது."

"எனக்க பிள்ளைய நான் பாக்கண்டாமா? போடு பூங்கனி."

போட்டேன். அம்மாவும் மகனும் சண்டை போட்டார்கள். மகன் கதவைச் சாத்திவிட்டுப் போனான். விளம்பரம் வந்தது. பிறகு எங்கள் கடற்கரை, எங்கள் வள்ளங்கள், அதற்கு நடுவே சிஜோ. முகம் இல்லை. முதுகுதான். பனியன், கழுத்து, நேராகப் போகிற அந்தக் கால்கள். இசபெல் மூச்சு விடாமல் பார்த்தாள். அவன் வெள்ளத்துக்குள் இறங்கினான். பொய்யர்கள். அலைக்கு மேலே ஒரு கை தெரிகிறவரை காட்டினார்கள்.

அந்தக் கை தெரிந்த மறுநிமிஷம் திரையில் நாயகன் தெளிவான வெள்ளத்தில் இருந்து தலையைத் தூக்கினான். கரைக்கு நீந்தி வந்தான். அவன் அம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்து, இனிமேல் உன்னைத் தடுக்கமாட்டேன் கண்ணா, உன்னை அடைத்து வைத்தது என் தப்பு என்று அழுதாள். அதற்கு ஒரு பாட்டு. அதை எழுதினவன் கையில் கரையான் பிடிக்கட்டும் என்று நான் வாய்விட்டே சபித்தேன். திருந்தாதி மணி அடித்தது. நான் டிவியை அணைத்துவிட்டு முட்டங்கால் போட்டேன். இசபெல் போடவில்லை.

"இதை இனியும் போடுவானுவளா?"

"நாளை மத்தியானம் ஒருக்கா திரும்பவும் போடுவான். அதோட தீந்துது."

மறுநாள் மத்தியானம் வந்தாள். வராமல் இருக்க நான் வேண்டிக்கொண்டது பலிக்கவில்லை. குளித்திருந்தாள். சேலை மாற்றியிருந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை. டிவிக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி நின்றாள். சண்டை வந்தது, கதவைச் சாத்தினான், விளம்பரம் வந்தது. கடற்கரை வந்தது. சிஜோ ஓடத் தொடங்கினான். வள்ளங்களைத் தாண்டி, வலைக் குவியலைத் தாண்டி, ஈர மணலில் கால் வைத்தான். இன்னும் நாலு எட்டு வைத்தால் வெள்ளம்.

இசபெல் கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள்.

 அவள் கை சுவிட்சின் மேலேயே இருந்தது.

"போதும் ஏட்டி," என்றாள். "பிள்ளை மணல்லதான் நிக்கான்."